ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு இனி யாரு? – வாசகர் கேள்வி பதில்

2025 டிசம்பர்ல நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் டீமோட க்ளோசர் (கடைசி இன்னிங்ஸ்ல வந்து மேட்சை முடிச்சுக் குடுக்கற பிட்சர், அதாவது பந்து போடறவர்) எட்வின் டியாஸ் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனதிலேர்ந்து இந்தப் பகுதிக்கு வர்ற கேள்வில பாதிக்கு மேல பேஸ்பால் கேள்விதான். எல்லாத்துக்கும் இடம் போதாது, முடிஞ்சவரைக்கும் இந்த இதழ்ல பதில் சொல்லிடறேன்.

கேள்வி: ஆபீஸ்ல மெட்ஸ் ரசிகர்கள் எல்லாரும் இழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவங்க மாதிரி இருக்காங்க. ஒரே ஒரு பிட்சர் டீம் மாறினதுக்கு இவ்வளவா? நான் அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, புரியற மாதிரி சொல்லுங்க. (எடிசன், நியூஜெர்சி)

பதில்: நடந்தது என்னன்னு முதல்ல சொல்லிடறேன். டியாஸ் 2022 நவம்பர்ல மெட்ஸோட 5 வருஷத்துக்கு 102 மில்லியன் டாலருக்கு கையெழுத்து போட்டவர். ஒரு ரிலீவ் பிட்சருக்கு (ஆரம்ப பிட்சருக்கு அப்புறம் வந்து போடறவருக்கு) நூறு மில்லியனத் தாண்டி யாரும் குடுத்தது அதுதான் முதல் தடவை. அதுல மூணு வருஷம் முடிஞ்சதும் வேணும்னா வெளிய வந்துக்கலாம்னு ஒரு ஷரத்து இருந்துச்சு, 2025 சீசன் முடிஞ்சதும் அதை யூஸ் பண்ணி ஃப்ரீ ஏஜென்ட் (எந்த டீமோடயும் பேசி சேந்துக்கலாம்) ஆனார். எல்லாரும் என்ன நினைச்சோம்னா, சும்மா சம்பளத்தை ஏத்திக்கிட்டு திரும்ப இங்கயேதான் வருவாருன்னு. டிசம்பர் 9ஆம் தேதி காலைல எழுந்தா டாட்ஜர்ஸ், 3 வருஷம், 69 மில்லியன்.

அது மட்டும்னா கூட தாங்கிக்கலாம். நவம்பர்லயே பிராண்டன் நிம்மோவை டெக்ஸாஸுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க, டியாஸ் போன மறுநாளே பீட் அலான்ஸோ பால்டிமோர் போறாருன்னு செய்தி வந்துச்சு. அலான்ஸோ யாரு? மெட்ஸ் வரலாற்றுலயே அதிக ஹோம் ரன் அடிச்சவர், 264. இப்படி கொஞ்ச நாளுக்குள்ள, வருஷக்கணக்கா பாத்துப் பழகின மூணு மூஞ்சி காணாம போச்சு. உங்க ஆபீஸ்காரங்க ஒரு பிட்சருக்காக மட்டும் வருத்தப்படல சார், ஆனா அவங்க முதல்ல சொல்ற பேரு டியாஸாத்தான் இருக்கும், ஏன்னு கீழ சொல்றேன்.

கேள்வி: க்ளோசர்னா நம்ம கிரிக்கெட்ல டெத் ஓவர் போடற பவுலர்னு எடுத்துக்கலாமா? (கோயம்புத்தூர்)

பதில்: ஓரளவுக்கு எடுத்துக்கலாம். ஆனா டெத் ஓவர் பவுலர் ஆரம்பத்துலயும் ரெண்டு ஓவர் போடுவார், ஃபீல்டிங் நிப்பார், தேவைப்பட்டா பேட்டையும் தூக்கிட்டு வருவார். க்ளோசருக்கு அதெல்லாம் கிடையாது. எட்டு இன்னிங்ஸ் முழுக்க புல்பென்ல (ரிலீவ் பிட்சர்கள் காத்திருக்கற இடம்) உக்காந்திருப்பார், டீம் ஒண்ணு ரெண்டு மூணு ரன் முன்னாடி இருந்தா ஒன்பதாவது இன்னிங்ஸ்ல வருவார், மூணு அவுட் எடுக்கணும், அவ்வளவுதான் வேலை. எடுத்தா அவர் பேர்ல ஒரு சேவ். குடுத்துட்டா ப்ளோன் சேவ், அதுவரைக்கும் மத்த எல்லாரும் மூணு மணி நேரம் உழைச்சது போச்சு. சேவ்ங்கற கணக்கே 1969லதான் அதிகாரபூர்வமா வந்துச்சு, அதுக்கு முன்னாடி இந்த வேலைக்குத் தனியா ஒரு மதிப்பு கிடையாது. எண்பதுகளோட கடைசில ஓக்லண்ட்ல டோனி லா ரூசா டென்னிஸ் எக்கர்ஸ்லிய ஒன்பதாவது இன்னிங்ஸுக்குன்னே ஒதுக்கி வச்சார் பாருங்க, அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு டீமும் இதுக்குன்னு ஒரு ஆளைத் தேட ஆரம்பிச்சுது.

இங்கதான் ஒரு பெரிய சண்டையும் இருக்கு. ஒரு சீசன்ல 162 மேட்ச், ஒரு டீம் கிட்டத்தட்ட 1450 இன்னிங்ஸ் பந்து போடும். டியாஸ் 2025ல போட்டது 66 இன்னிங்ஸ் சொச்சம். நூத்துக்கு அஞ்சு கூட இல்ல. கம்ப்யூட்டர் வச்சிக்கிட்டு உக்காந்திருக்கற ஆளுங்க இதைக் காட்டித்தான் இவ்வளவுக்கு இத்தனை கோடியான்னு கேக்கறாங்க. கணக்கு தப்பில்ல. ஆனா மெட்ஸ் 2025ல ஜூன் பாதி வரைக்கும் பேஸ்பால்லயே டாப்ல இருந்துட்டு அப்புறம் சரிஞ்சு சரிஞ்சு கடைசில 83 வெற்றி 79 தோல்வியோட நின்னுச்சு, சின்சினாட்டியும் அதே 83, நேருக்கு நேர் ஆடினதுல அவங்க முன்னாடி இருந்ததால ப்ளேஆஃப் அவங்களுக்குப் போயிடுச்சு. ஒரே ஒரு வெற்றி சார். அந்த வருஷத்துல டியாஸ் 31 வாய்ப்புல 28 சேவ் எடுத்துக் குடுத்தார். இன்னும் ரெண்டு மூணு கோட்டை விட்டிருந்தா செப்டம்பர் கடைசி நாள் வரைக்கும் நமக்கு நம்பிக்கையே இருந்திருக்காது. அஞ்சு பர்சென்ட் இன்னிங்ஸ்தான், ஆனா எந்த அஞ்சு பர்சென்ட்னு பாக்கணும்ல?

கேள்வி: 2019ல இதே டியாஸை இதே ரசிகர்கள்தான் 'பூ... பூ...'ன்னு கத்தி விரட்டினாங்க. இப்ப அழறதுக்கு என்ன உரிமை? (ஜெர்சி சிட்டி)

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் வலிக்கிற கேள்வியும் கூட. கத்தினது உண்மை. 2018 டிசம்பர்ல சியாட்டில்லேர்ந்து ராபின்சன் கனோவையும் டியாஸையும் சேத்து வாங்கினாங்க, பதிலுக்குக் குடுத்ததுல ஜாரெட் கெலெனிக்னு எல்லாரும் கொண்டாடின ஒரு சின்னப் பையனும் இருந்தான். டியாஸ் அந்த வருஷம் சியாட்டில்ல 57 சேவ் எடுத்துட்டு வந்த ஆளு, எதிர்பார்ப்பு எங்க இருந்திருக்கும்னு பாத்துக்கங்க. 2019ல வந்தார், 58 இன்னிங்ஸ்ல 15 ஹோம் ரன் குடுத்தார், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா குடுக்கற ரன், குறைவா இருந்தா நல்லது) 5.59. அவர் கேட்டைத் திறந்துக்கிட்டு வந்தாலே மெட்ஸ் மைதானமான சிட்டி ஃபீல்ட் மொத்தமும் முனகும். அந்த ஊர்ல அப்படி ஒரு வருஷம் பாத்தவங்க நிறைய பேர் மூட்டையக் கட்டிக்கிட்டு வேற ஊர் போயிருக்காங்க.

இவர் போகல. அங்கேயே நின்னு, ஸ்லைடர்ங்கற வளையற பந்தைச் சரி பண்ணி, கொஞ்சம் கொஞ்சமா எழுந்து வந்தார். 2022ல என்ன ஆச்சுன்னு நேர்ல பாத்தவங்கள கேளுங்க. 62 இன்னிங்ஸ்ல 118 ஸ்ட்ரைக் அவுட், அதாவது அவர் எடுத்த மூணு அவுட்ல ரெண்டு கிட்ட பேட்ஸ்மேன் பந்தையே தொடாம திரும்பிப் போனது, ஈஆர்ஏ 1.31. அவர் மைதானத்துக்குள்ள ஓடி வரும்போது ட்ரம்பெட் இசை போடுவாங்க, நாப்பதாயிரம் பேரும் எழுந்து நின்னு கையால ட்ரம்பெட் வாசிக்கிற மாதிரி ஆடுவாங்க, சின்னக் குழந்தைலேர்ந்து தாத்தா பாட்டி வரைக்கும். 2022 ஆகஸ்ட் 31ஆம் தேதி அந்த இசைய வாசிச்ச டிம்மி ட்ரம்பெட்ங்கற ஆஸ்திரேலியக் கலைஞரே மைதானத்துல நின்னு நேர்ல ஊத, டியாஸ் வந்து 2-1னு மேட்சை முடிச்சுக் குடுத்தார். அன்னிக்கு எதிர்ல ஆடினது யாரு தெரியுமா, இதே டாட்ஜர்ஸ்!

அதனால உரிமை இருக்கான்னா, அவங்களுக்குத்தான் ரொம்ப இருக்கு. திட்டினவங்களும் அவங்கதான், எழுந்து நின்னு ஆடினவங்களும் அவங்கதான். ஒரு ஆளு உங்க கண்ணு முன்னாடி விழுந்து, உங்ககிட்டயே திட்டு வாங்கி, அதே இடத்துல எழுந்து நின்னா, அவர் மேல வர்ற பாசம் வேற எந்த ஆட்டக்காரர் மேலயும் வராது. முதல் நாள்லேர்ந்தே நல்லா ஆடினவரா இருந்திருந்தா இந்த அளவுக்கு வலிச்சிருக்காதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணும் இருக்கு. 2023 மார்ச்ல உலக பேஸ்பால் க்ளாசிக்ல போர்ட்டோ ரிக்கோவுக்காக ஆடி டொமினிக்கன் ரிபப்ளிக்கை ஜெயிச்சு குடுத்துட்டு, கூட ஆடறவங்களோட குதிச்சுக் கொண்டாடும்போது முட்டில தசைநார் கிழிஞ்சு, சக்கர நாற்காலில வெளிய போனார், பக்கத்துல அவர் தம்பி அலெக்ஸிஸ் அழுதுக்கிட்டே நின்னார். அந்த வருஷம் முழுக்க ஆடல. திரும்பி வந்த 2024ல ஏத்த இறக்கமாத்தான் இருந்தார். ஆனா செப்டம்பர் 30, அட்லாண்டா! ஜெயிச்சா ப்ளேஆஃப். எட்டாவது இன்னிங்ஸ்ல டியாஸ் வந்தார், முதல் பேஸை கவர் பண்ண மறந்தார், லீட் போச்சு, ஆஸி ஆல்பீஸ் அடிச்ச அடில 7-6னு பின்னாடி போயிட்டோம். ஒன்பதாவதுல ஃப்ரான்சிஸ்கோ லிண்டோர் ரெண்டு ரன் ஹோம் ரன் அடிச்சு 8-7 ஆக்கினார். இப்ப யாரு பந்து போடறது? அதே டியாஸ். ஏற்கனவே களைச்சுப் போன ஆளு, தான் கெடுத்ததைத் தானே சரி பண்ண திரும்ப ஏறி மூணு அவுட்டும் எடுத்தார். அந்த மேட்சைப் பாத்த எந்த மெட்ஸ் ரசிகரும் டியாஸை இனிமே திட்டமாட்டாங்கன்னு அன்னிக்கே தோணுச்சு.

கேள்வி: எவ்வளவு அன்பா இருந்தும் மூணு மில்லியன் டாலர் அதிகம்னு போயிட்டாரே, துரோகம்தானே? (க்வீன்ஸ், நியூயார்க்)

பதில்: துரோகம்ங்கற வார்த்தை வேண்டாமே. பத்திரிகைகள்ல வந்த செய்திப்படி மெட்ஸ் சொன்னது 3 வருஷத்துக்கு 66, டாட்ஜர்ஸ் 69. மூணு வருஷத்துக்கும் சேத்து மூணு மில்லியன் வித்தியாசம். இந்த வித்தியாசத்துக்காக மட்டும் ஒருத்தர் ஏழு வருஷம் இருந்த ஊரை விட்டுப் போவார்னு நான் நம்பல. டாட்ஜர்ஸ் 2024லயும் 2025லயும் தொடர்ந்து சாம்பியன், அப்ப அவருக்கு 31 வயசு, கைல உலகத் தொடர் (பேஸ்பால் இறுதித் தொடர்) ஜெயிச்சவங்களுக்குக் குடுக்கற மோதிரம் ஒண்ணு கூட கிடையாது. ஜெயிக்கணும்னு போனேன்னு அவரே சொல்லிட்டார். அதுல தப்பு என்ன?

நீங்க இன்னொண்ணும் யோசிச்சுப் பாக்கணும். 1975க்கு முன்னாடி பேஸ்பால்ல ஒரு ஆட்டக்காரர் எந்த டீமோட கையெழுத்து போட்டாரோ அந்த டீம் விடற வரைக்கும் அங்கதான் இருந்தாகணும், போக முடியாது, பேரம் பேச முடியாது. கர்ட் ஃப்ளட்னு ஒருத்தர் இதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1972ல தோத்தார், அவரோட ஆட்ட வாழ்க்கையே அதுல முடிஞ்சுபோச்சு. அப்புறம் 1975 டிசம்பர்ல பீட்டர் சைட்ஸ்ங்கற நடுவர் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னலி ரெண்டு பேருக்கும் சாதகமா தீர்ப்பு சொன்னதுக்கப்புறம்தான் இன்னிக்கு இருக்கற ஃப்ரீ ஏஜென்சி பொறந்துச்சு. இப்பவும் ஆறு வருஷம் மேஜர் லீக்ல இருந்தாத்தான் அந்த உரிமை. அவ்வளவு பேர் போராடி வாங்கின ஒண்ண டியாஸ் யூஸ் பண்ணிக்கிட்டார், அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

என் கோவமெல்லாம் டீம் மேலதான். ஸ்டீவ் கோஹன் பேஸ்பால்லயே பெரிய பணக்கார ஓனர், ஹுவான் சோட்டோவுக்கு 15 வருஷத்துக்கு 765 மில்லியன் குடுத்தவர். வரி அதிகம்னு சிலர் காரணம் சொல்றாங்க, சம்பள உச்சவரம்பை அவ்வளவு தாண்டின டீம் ஒவ்வொரு டாலருக்கும் மேல இன்னொரு டாலர் பத்து சென்ட் வரி கட்டணும்ங்கறது நிஜம்தான். ஆனா டாட்ஜர்ஸும் அதே வரிய அதே அளவுல கட்டறவங்கதானே? அவங்க டியாஸ் வேணும்னு வந்தாங்க, நாம டியாஸ் கிடைச்சா பரவால்லன்னு இருந்தோம், அந்த வித்தியாசம் அவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்.

கேள்வி: மெட்ஸோட பேஸ்பால் விவகாரத்தைப் பாத்துக்கற டேவிட் ஸ்டெர்ன்ஸ் புத்திசாலின்னு சொல்றாங்களே, அவர் ஏன் இப்படிப் பண்ணார்? (சிகாகோ)

பதில்: அவர் புத்திசாலிதான், அதுல சந்தேகமில்ல. க்ளோசரைப் பத்தி அவருக்கு ஒரு கொள்கை இருக்கு, அது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. மில்வாக்கில இருந்தப்போ 2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி, டீம் டிவிஷன்ல முதல் இடத்துல இருக்கும்போதே, ஜாஷ் ஹேடர்ங்கற பெரிய க்ளோசரை சான் டியேகோவுக்கு ட்ரேட் பண்ணார். கூட ஆடினவங்களே வெளிப்படையா வருத்தப்பட்டாங்க. டீம் அதுக்கப்புறம் தடுமாறி கடைசில ஒரே ஒரு மேட்ச்ல ப்ளேஆஃபைக் கோட்டை விட்டுச்சு. நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும், அந்த ட்ரேட்ல வந்த எஸ்டெரி ரூயிஸை வச்சு அந்த டிசம்பர்ல மில்வாக்கி வில்லியம் கான்ட்ரேராஸ்ங்கற அருமையான கேட்சரை வாங்கிட்டாங்க, நீண்ட காலக் கணக்குல பாத்தா லாபம்தான்.

அவர் பாக்கறது இதைத்தான். ரிலீவ் பிட்சரோட கை எப்ப வேணா போகும், நீளமான காண்ட்ராக்ட் ஆபத்து, வேற ஆளைக் கண்டுபிடிச்சுக்கலாம். படிக்கும்போது சரியாத்தான் இருக்கு. ஆனா 2022 செப்டம்பர்ல மில்வாக்கி ரசிகர்கள்கிட்ட போய் நீண்ட காலம்னு சொல்லிப் பாருங்க. ஒரு டீம் வருஷா வருஷம் ஆடுது, அப்பா மகளைக் கூட்டிக்கிட்டு ஒரு குறிப்பிட்ட ஆகஸ்ட் மாசத்துலதான் மேட்சுக்குப் போறார், அந்த மகளுக்கு அந்த வயசு திரும்ப வராது. இதை ஸ்டெர்ன்ஸோட கணக்குல எந்தக் கட்டத்துலயும் போட முடியாது, ஆனா அந்த அப்பாக்களும் மகள்களும் டிக்கெட் வாங்கித்தான் இந்த ஆட்டமே நடக்குது.

கேள்வி: டெவின் வில்லியம்ஸ் இருக்காரே, பத்தாதா? (டாலஸ்)

பதில்: இருக்கார், 3 வருஷம் 51 மில்லியன், டியாஸ் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துட்டார். அப்ப நாங்க எல்லாம் ஆஹா எட்டாவதுக்கு வில்லியம்ஸ், ஒன்பதாவதுக்கு டியாஸ்னு சந்தோஷமா இருந்தோம், அதான் அந்த டிசம்பர் 9 இன்னும் கசந்துச்சு.

திறமை இருக்கான்னா நிறைய இருக்கு. அவர் போடற சேஞ்சப் (வேகம் குறைச்ச பந்து) ஒண்ணு இருக்கு, ஏர்பெண்டர்னு பேரு, வலது பக்கமா வளைஞ்சு விழும், பேட்ஸ்மேன் வேற எங்கயோ சுத்துவார். 2020ல நேஷனல் லீக் சிறந்த புதுமுகம், 2023ல சிறந்த ரிலீவர் விருது. ஹேடரை வித்ததுக்கப்புறம் மில்வாக்கில க்ளோசர் ஆனதும் இவர்தான், ஆக ஸ்டெர்ன்ஸ் தனக்குத் தெரிஞ்ச ஆளைத்தான் திரும்பக் கூட்டிட்டு வந்திருக்கார். ஆனா 2025ல யாங்கீஸ்ல ஆரம்பத்துலயே க்ளோசர் வேலையை இழந்தார், ஈஆர்ஏ 4.79ல முடிச்சார். ஸ்ட்ரைக் அவுட் மட்டும் குறையல, 62 இன்னிங்ஸ்ல 90, அதனால பந்து செத்துப்போகலன்னு தெரியுது.

மெட்ஸ் ரசிகர்களுக்கு இவர் பேரைக் கேட்டா ஞாபகம் வர்றது 2024 அக்டோபர் 3. மில்வாக்கில வைல்ட் கார்ட் (ப்ளேஆஃபோட முதல் சுற்று) மூணாவது மேட்ச், ஒன்பதாவது இன்னிங்ஸ், 2-0னு பின்னாடி இருக்கோம், பந்து போடறது வில்லியம்ஸ், பேட்டோட நிக்கறது அலான்ஸோ. மூணு ரன் ஹோம் ரன். அந்த நிமிஷம் நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுல லைட் எரிஞ்சுச்சு. இப்ப பாருங்க, அடிச்சவர் பால்டிமோர்ல, அடி வாங்கினவர் நம்ம க்ளோசர். அதுக்காக அவரை முதல் நாளே வெறுக்காதீங்க ப்ளீஸ். 2019ல டியாஸுக்குப் பண்ணதை இவருக்கும் பண்ணா நாம ஒண்ணுமே கத்துக்கலன்னு ஆயிடும்.

கேள்வி: டியாஸ் போனதுக்கு மெட்ஸுக்கு நஷ்ட ஈடு ஏதாவது உண்டா? (சென்னை)

பதில்: உண்டு, ரொம்பக் கொஞ்சம். மெட்ஸ் குவாலிஃபையிங் ஆஃபர் (ஒரு வருஷம் இருங்கன்னு குறிப்பிட்ட சம்பளத்துக்குக் கூப்பிடறது) குடுத்து அவர் வேண்டாம்னு சொன்னதால டிராஃப்ட்ல (புது ஆட்டக்காரர்களை டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்கறது) ஒரு கூடுதல் வாய்ப்பு கிடைக்கும், ஆனா மெட்ஸ் வரி கட்டற டீம்ங்கறதால அது நாலாவது ரவுண்டுக்கு அப்புறம்தான். அதுல ஒரு டியாஸ் கிடைப்பார்னு எதிர்பாக்க முடியாது.

கேள்வி: எங்கட டொரன்டோ ப்ளூ ஜேஸை உலகத் தொடர் ஏழாவது மேட்சில தோற்கடிச்ச டாட்ஜர்ஸ் இப்ப டியாஸையும் எடுத்திட்டாங்கள். அவங்களுக்கு எல்லாம் இருக்கு, இன்னும் ஏன்? இது நியாயமோ அண்ணை? (ஸ்கார்பரோ, கனடா)

பதில்: உங்க வலி எங்க வலியை விடப் பெருசு, அதை முதல்லயே ஒத்துக்கறேன். 2025 நவம்பர் 1, ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-3னு முன்னாடி இருக்கீங்க, இன்னும் ரெண்டே அவுட், 1993க்கு அப்புறம் முதல் கோப்பை. ஜெஃப் ஹாஃப்மன் போட்ட பந்தை மிகெல் ரோஹாஸ் தூக்கி வெளிய அடிச்சார், பதினோராவதுல வில் ஸ்மித் அடிச்சார், முடிஞ்சுச்சு. க்ளோசர்னா என்னன்னு உங்க ஊர்ல இப்ப ஒரு குழந்தைக்குக் கூட விளக்க வேண்டியதில்ல.

டாட்ஜர்ஸுக்கு எல்லாம் இருந்துச்சுன்னு சொல்றீங்க, ஒண்ணு மட்டும் இல்ல, அதுதான் ஒன்பதாவது இன்னிங்ஸ். 2025 ஆரம்பத்துல டேனர் ஸ்காட்டுக்கு 4 வருஷம் 72 மில்லியன் குடுத்து எடுத்தாங்க, அவர் 10 சேவைக் கோட்டை விட்டார். ப்ளேஆஃப்ல ஆரம்ப பிட்சரான ரோக்கி சசாகிய க்ளோசரா மாத்திப் பாத்தாங்க, கடைசி மேட்ச்ல முந்தின நாள்தான் ஆரம்ப பிட்சரா ஆடின யமமோட்டோவையே திரும்பக் கூட்டிட்டு வந்து முடிச்சாங்க. அவ்வளவு பணம் வச்சிருக்கற டீமே பதறின இடம் அது. அதனாலதான் டியாஸுக்கு வருஷத்துக்கு 23 மில்லியன், ஒரு ரிலீவருக்கு இதுவரைக்கும் யாரும் குடுக்காத சம்பளம். நியாயமான்னா, விதிக்குள்ளதான் பண்றாங்க. விதியை மாத்தணும்னு நினைக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, நானும் அதுல ஒருத்தன்.

கேள்வி: க்ளோசரை இழந்த டீம் உருப்பட்ட சரித்திரம் உண்டா? ஆறுதலா ஒண்ணு சொல்லுங்க. (ஸ்டாட்டன் ஐலண்ட்)

பதில்: உண்டு, ஆனா நடுவுல ஒரு கெட்ட வருஷம் இருக்கு, முழுசா கேளுங்க.

பாஸ்டன் ரெட் சாக்ஸ்ல ஜானதன் பேபல்பான்னு ஒரு க்ளோசர், 2007ல உலகத் தொடரோட கடைசி அவுட்டை எடுத்தவர், மொத்தம் 219 சேவ், அந்த டீம் வரலாற்றுலயே அதிகம். 2011 செப்டம்பர் 28ஆம் தேதி பால்டிமோர்ல ஒன்பதாவது இன்னிங்ஸ்ல அவர் லீடைக் கோட்டை விட, அதே ராத்திரி சில நிமிஷத்துல டாம்பா பேல இவான் லாங்கோரியா அடிச்ச ஹோம் ரன்ல பாஸ்டன் ப்ளேஆஃபை விட்டே வெளிய போச்சு. ஒன்பது மேட்ச் முன்னாடி இருந்த டீம் செப்டம்பர் மாசத்துல 7 ஜெயிச்சு 20 தோத்து அப்படி விழுந்துச்சு. அதுதான் பேபல்பான் பாஸ்டன் சட்டைல போட்ட கடைசிப் பந்து. நவம்பர்ல ஃபிலடெல்ஃபியா 4 வருஷம் 50 மில்லியன் குடுத்து கூட்டிட்டுப் போயிட்டாங்க.

பாஸ்டன் என்ன பண்ணுச்சு? ஜாஷ் ரெடிக்கைக் குடுத்து ஓக்லண்ட்லேர்ந்து ஆண்ட்ரூ பெய்லிய வாங்கினாங்க. பெய்லி சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கட்டை விரல்ல ஆபரேஷன், ரெடிக் அங்க போய் 32 ஹோம் ரன். 2012ல பாஸ்டன் 69 ஜெயிச்சு 93 தோத்துச்சு. மறு வருஷத்துக்கு பிட்ஸ்பர்க்லேர்ந்து ஜோயல் ஹன்ராஹனை வாங்கினாங்க, அவருக்கு முழங்கை போச்சு, பெய்லிக்குத் தோள்பட்டை போச்சு. கடைசில வேற வழியில்லாம 2013 ஜூன்ல யாரை நிறுத்தினாங்கன்னா, 38 வயசு கோஜி உஎஹாரா. ஃபாஸ்ட்பால் வேகமே கிடையாது, ஸ்ப்ளிட்டர்ங்கற திடீர்னு கீழ இறங்கற பந்து மட்டும். 74 இன்னிங்ஸ் சொச்சத்துல 101 ஸ்ட்ரைக் அவுட், 9 வாக் (நாலு பந்து தப்பா போட்டு பேட்ஸ்மேனை சும்மா முதல் பேஸுக்கு விடறது), ஈஆர்ஏ 1.09! அக்டோபர்ல பாஸ்டன் மைதானமான ஃபென்வேல உலகத் தொடரோட கடைசி அவுட்டை அவர் எடுக்கும்போது பேபல்பானைப் பத்தி யாரும் நினைக்கல. அந்த வருஷம் ஃபிலடெல்ஃபியா 73 வெற்றிதான்.

ஆனா இதே பாஸ்டன் 2018ல கோப்பை ஜெயிச்சிட்டு க்ரெய்க் கிம்ப்ரலை விட்டாங்க, 2019ல க்ளோசர்னு யாரையும் சொல்லாமலே சீசனை ஆரம்பிச்சு 84 வெற்றியோட வீட்டுக்குப் போனாங்க. கிம்ப்ரலும் ஜூன் வரைக்கும் வேலையில்லாம இருந்து சிகாகோ கப்ஸுக்குப் போய் அந்த வருஷம் நல்லா அடி வாங்கினார். விட்டவங்களும் தோத்தாங்க, போனவரும் தோத்தார்.

ஆக மெட்ஸுக்கும் எங்கயாவது ஒரு உஎஹாரா கிடைக்கலாம், ஆனா அவரைக் கண்டுபிடிச்சது பாஸ்டனோட திட்டம் இல்ல, மத்தவங்களுக்கு அடிபட்டதால வந்த வாய்ப்பு. அதை நம்பி ஒரு டீமை நடத்த முடியாதுங்கறதுதான் ஸ்டெர்ன்ஸ் விஷயத்துல எனக்கு இருக்கற பயம்.

கேள்வி: என் பையனுக்கு ஒன்பது வயசு. போன பொறந்த நாளைக்குத்தான் டியாஸோட 39ஆம் நம்பர் ஜெர்சி வாங்கிக் குடுத்தேன். செய்தி கேட்டதும் கழட்டி வச்சிட்டான், தொடவே மாட்டேங்கறான். என்ன சொல்றது? (ஹிக்ஸ்வில், லாங் ஐலண்ட்)

பதில்: இப்ப ஒண்ணும் சொல்லாதீங்கம்மா, கொஞ்ச நாள் விடுங்க. குழந்தைக்கு முதல் தடவை இது நடக்கும்போது பிசினஸ்னு விளக்கம் குடுக்கறதை விட மோசமான ஆறுதல் கிடையாது. தூக்கி மட்டும் போட்டுடாதீங்க. ஏப்ரல்ல மேட்சுக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க எல்லா வயசுக்காரங்களும் பழைய ஜெர்சியோட வந்திருப்பாங்க, பியாஸா, டேவிட் ரைட், டிக்ராம்னு. டிக்ராம் டெக்ஸாஸ் போய் வருஷக்கணக்கா ஆச்சு, இன்னும் 48 போட்டுக்கிட்டு வர்றவங்க இருக்காங்க. அவனே பாத்துப்பான். அட்லாண்டா மேட்ச் வீடியோ இருந்தா ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பாருங்க.

கேள்வி: டாட்ஜர்ஸ் சட்டையோட டியாஸ் சிட்டி ஃபீல்டுக்கு வரும்போது என்ன பண்ணணும், கத்தணுமா கைதட்டணுமா? எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி. (பார்சிப்பனி, நியூஜெர்சி)

பதில்: நான் கைதட்டற கட்சி. இந்த ஊருக்கு இது புதுசும் இல்ல. 1977 ஜூன் 15ஆம் தேதி மெட்ஸ் தன்னோட வரலாற்றுலயே பெரிய பிட்சரான டாம் சீவரை சின்சினாட்டிக்குக் குடுத்துச்சு. ஃப்ரீ ஏஜென்சி வந்ததும் மத்த டீம்ல எல்லாம் சம்பளம் ஏற ஆரம்பிச்சிருந்துச்சு, சீவர் தனக்கும் நியாயமா குடுங்கன்னு கேட்டார், டீமை நடத்தின டொனால்ட் க்ராண்ட் கேக்கல, பத்திரிகைல எல்லாம் அசிங்கமா சண்டை வந்து கடைசில ட்ரேட். இன்னிக்கும் வயசான மெட்ஸ் ரசிகர்கள்கிட்ட அந்தத் தேதியைச் சொன்னா மூஞ்சி மாறும். அதே ஆகஸ்ட் மாசம் சீவர் சின்சினாட்டி சட்டையோட மெட்ஸோட அப்போதைய மைதானமான ஷே ஸ்டேடியத்துக்கு வந்தார், எதிர்ல பந்து போட்டது அவரோட பழைய கூட்டாளி ஜெர்ரி கூஸ்மன். சீவர் மெட்ஸைத் தோக்கடிச்சார். மெட்ஸ் ரசிகர்கள் சீவருக்குக் கைதட்டினாங்க, க்ராண்டைத் திட்டினாங்க. யாரைக் கொண்டாடணும் யார் மேல கோவப்படணும்னு அவங்களுக்குக் குழப்பமே இல்ல.

அதனால டியாஸ் புல்பென் கதவைத் திறந்துக்கிட்டு வரும்போது எழுந்து நில்லுங்க, நல்லா சத்தமா தட்டுங்க, 2022க்கும் அந்த அட்லாண்டா ராத்திரிக்கும் சேத்து. அவர் மேடு ஏறி முதல் பந்தைப் போட கையத் தூக்கினதும் நிறுத்திடுங்க. அப்புறம் லிண்டோரும் சோட்டோவும் அவரைப் பொளந்து கட்டணும்னு தொண்டை கிழிய கத்துங்க, அதுக்குத்தானே டிக்கெட் வாங்கியிருக்கோம்.